சூரைக் குழம்பும் இரண்டு தம்ளர் மோரும்

பிலோமினா டீச்சர் சொன்னது பொய். மீனையும் மோரையும் சேர்த்துத் தின்றால் உடம்பில் வெள்ளை விழும் என்று சொல்லி, எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றை நிறுத்தப் பார்த்தார். விவரம் தெரியாதவர் சொல்லியிருந்தால் விட்டுவிடலாம். இவர் அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்பில் எனக்கே பாடம் எடுத்தவர். (பெயரை மாற்றியிருக்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.)

ஆனால் அந்தப் பொய்க்கு ஆதாரம் செய்து கொடுத்த மடையன் நான்தான். அதை விட்டுவிட்டு எழுதினால் என் தங்கை ஜெனி இந்தத் தாளைக் கிழித்துப் போடுவாள். எனவே என் பங்கையும் எழுதுகிறேன்.

ஜெனிக்குப் பதினொரு வயதில் வலது மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. இரண்டு வருடத்தில் புறங்கை முழுவதும் பரவி அங்கேயே நின்றுவிட்டது. நாகர்கோவிலில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டினோம். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் அழித்துவிடுகிறது, இது தொற்றாது, உணவால் வருவதில்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நான் கேட்டேன். அப்பாவும் (அப்போது இருந்தார்) கேட்டார். அம்மாவும் தலையை ஆட்டினாள். ஆனால் அவளுக்கு அது உள்ளே இறங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் டாக்டரிடம் போவதற்கு முன்னாலேயே தெருவில் நாலு பேர் அவளுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மீன் குழம்புச் சோற்றின் மேலே மோர் ஊற்றித் தின்றவளாம்.

எங்களுக்குச் சொந்த ஊர் கடியப்பட்டணம். மீன் இல்லாத சாப்பாடு என்பது தவக்கால வெள்ளிக்கிழமையில்கூடக் கிடையாது. அங்கே மீனோடு மோர் தொடாத வீடும் உண்டு, தொடுகிற வீடும் உண்டு. வெள்ளை விழுந்தவர்கள் இரண்டு வகை வீட்டிலும் இருக்கிறார்கள். விழாதவர்களும் இரண்டிலும் இருக்கிறார்கள். இதை எண்ணிப் பார்க்க அறிவியல் பட்டம் தேவையில்லை, தெருவில் ஒரு நடை போனால் போதும். யாரும் போகவில்லை. டீச்சரும் போகவில்லை.

ஜெனிக்கு நாகர்கோவிலில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜெரால்டு, துபாயில் ஏசி மெக்கானிக். போனில் பேசிய முதல் நாளே ஜெனி தன் கையை வீடியோவில் காட்டிவிட்டாள். அவன் பார்த்துவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டானாம். அந்த ஒரு கேள்வியில் அவள் விழுந்துவிட்டாள். நிச்சயமும் முடிந்தது. அவனுக்கு லீவு நாற்பது நாள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு, பூசை முடிவில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்று அறிவிப்பார்கள். மூன்றாம் ஓலை வாசிக்காமல் தாலி கட்ட முடியாது. முதல் ஓலை வாசித்தாயிற்று. அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த அத்தைதான் பிலோமினா டீச்சர்.

கல்யாணம் ஆகாதவர். தம்பி குடும்பத்தைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். அந்த வீட்டில் அவர் சொன்னால் மின்விசிறிகூட நிற்கும். வந்தவர் ஜெனியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஜெனி வயித்துல கெடக்கும்போ நீங்க மீனும் மோரும் சேத்துத் தின்னியளா?"

அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தின்னிருப்பேன் டீச்சர். எனக்கு ஓர்மை இல்ல."

"அதான்" என்றார் டீச்சர். கரும்பலகையில் விடை எழுதிச் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கிற மாதிரி இருந்தது.

பிறகு நிதானமாக விளக்கினார். மீன் சூடு, மோர் குளிர்ச்சி, இரண்டும் வயிற்றில் சண்டை போட்டால் ரத்தம் கெடும், கெட்ட ரத்தம் தோலில் தெரியும், அது பிள்ளைக்கும் இறங்கும். அதனால் மூன்றாம் ஓலை கொஞ்சம் பொறுக்கட்டும், சென்னையில் தனக்குத் தெரிந்த ஒரு வைத்தியர் இருக்கிறார், அவர் பார்த்துச் சொன்னபிறகு வாசித்துக்கொள்ளலாம் என்றார். கொஞ்சம் பொறுத்தால் ஜெரால்டின் லீவு முடிந்துவிடும். அடுத்த லீவு ஒரு வருடம் கழித்து. அதற்குள் ஓலை நின்றுபோன பெண் என்று ஊரில் ஜெனிக்குப் பெயர் வந்துவிடும். அது டீச்சருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு ஜெரால்டுக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். அல்லது ஜெனியிடம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அப்பா இறந்தபிறகு வீட்டுக்கு நான்தான் பெரிய ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. எழுந்து நின்று சவால் விட்டேன். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை முடிந்ததும் எல்லாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், உங்கள் கண் முன்னால் நான் மீனும் மோரும் சேர்த்துத் தின்று காட்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டும் என்றேன்.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் என் பெயரைக் கூப்பிடுகிற அதே குரலில், "ஆகட்டு ஆன்றோ" என்றார்.

இப்போது யோசித்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு ஆள் ஒரு வேளை தின்று ஒன்றும் ஆகவில்லை என்றால் அது எதற்கும் ஆதாரம் ஆகாது. ஏதாவது ஆகிவிட்டாலும் ஆதாரம் ஆகாது. ஆயிரம் பேரைப் பல வருடம் கவனித்து, சேர்த்துத் தின்றவர்களையும் தின்னாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். டீச்சர் செய்த அதே தவறைத்தான் நானும் செய்தேன், கொஞ்சம் சத்தமாக. (அந்த வருடம் தொப்பை கரையும் என்று நம்பி, காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து நாலு மாதம் குடித்தவனும் இதே அறிவாளிதான். கரைந்தது பல்லின் மேல்பூச்சு.)

சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். எனவே ஞாயிறு விருந்துக்கு மீனைச் சனிக்கிழமையே வாங்கி ஐஸில் வைத்துவிட வேண்டும். ஊரில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அதிலும் நான் வேலை பார்த்தது ஒரு ஐஸ் கம்பெனியில். மேற்பார்வையாளர். மீனுக்கு ஐஸ் எவ்வளவு, எப்போது, எப்படி அடுக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

காலையில் நல்ல சூரை மீன் ஒன்று வாங்கினேன். சாக்கில் சுற்றி ஸ்கூட்டரின் பின்னால் கட்டினேன். ஐஸ் வாங்கி வரட்டுமா என்று அம்மா போனில் கேட்டாள். ஐஸ் விசயத்தில் எனக்கு நீ சொல்லித் தரவேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். நேரே கம்பெனிக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வழியில் ஜெராக்ஸ் கடை. டீச்சரை வாயடைக்க இணையத்திலிருந்து பதினாலு பக்கம் எடுத்து வைத்திருந்தேன். அச்செடுத்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்தினேன்.

கடைக்காரர் பக்கங்களை வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். கருப்பட்டிக் காப்பி குடித்தால் சர்க்கரை ஏறாதுதானே என்றார். ஏறும், அதுவும் சர்க்கரைதான், நிறம்தான் வேறு என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்தில் நின்றவர் பப்பாளி என்று ஆரம்பித்தார். இன்னொருவர் முட்டை மஞ்சள் கரு. எனக்கு ரத்தம் கொதித்தது. ஒவ்வொருவருக்கும் பக்கம் பக்கமாக வாசித்து விளக்கினேன். நடுவில் டீ வந்தது. ஊர் முழுவதையும் அன்றைக்கே திருத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்கிற வேகத்தில் இருந்தேன். வெளியே வந்தபோது ஸ்கூட்டரின் நிழல் சக்கரத்தின் அடியில் சுருங்கிக் கிடந்தது. மூன்று மணி நேரம் சாக்கு வெயிலில் காய்ந்திருக்கிறது.

பதறிப்போய் கம்பெனிக்கு ஓடி மீனை ஐஸில் புதைத்தேன். சாயங்காலம் எடுத்தபோது விறைப்பாக, பளபளப்பாக இருந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தாள். விரலால் வயிற்றை அமுக்கினாள். முகர்ந்தாள். நான் ஒன்றும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏலே, இது வெயிலு கொண்ட மீனு. இதைத் தூரப் போடு."

"ஐஸ்ல கெடந்த மீனும்மா. நான் ஐஸ் கம்பெனிக்காரன்."

"ஐஸு பெறவு போட்டது. வெயிலு முந்திக் கொண்டாச்சு."

அப்போது நான் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் எழுதுகிறேன். மோர் சேர்ந்தால் வெள்ளை விழும் என்று நம்புகிற ஆள்தானே நீ, உனக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்றேன். முப்பது வருடம் தலையில் மீன்கூடை சுமந்து விற்றவளிடம் சொன்னேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதை வைத்துக் கொடுக்கமாட்டேன், கோழி வாங்கி வா என்றாள். நீ தின்னத்தான் போவாய் என்றால் உனக்கு மட்டும் தனிச் சட்டியில் வைக்கிறேன், வயிறு உன்னுடையது என்றாள். அந்தத் தனிச் சட்டிதான் அன்று டீச்சரையும் இன்னும் ஐந்து பேரையும் காப்பாற்றியது.

ஞாயிறு மதியம். டீச்சர், ஜெரால்டு, அவனுடைய அப்பா, அம்மா, எங்கள் பக்கத்தில் அம்மா, ஜெனி, நான். மற்ற எல்லாருக்கும் கோழி. எனக்கு முன்னால் சூரைக் குழம்பு, ஒரு கிண்ணம் தயிர், இரண்டு தம்ளர் மோர். ஜெனி என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. சோற்றில் குழம்பை ஊற்றி, அதன்மேலே தயிரையும் ஊற்றிப் பிசைந்து, எல்லாரும் பார்க்கும்படி கையைத் தூக்கிக் காட்டித் தின்றேன். நாக்கில் மிளகு மாதிரி ஒரு உறைப்பு. அம்மா கோபத்தில் மிளகைக் கூடுதலாக அரைத்துவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு தம்ளர் மோரையும் குடித்து முடித்தேன். கையைக் கழுவிவிட்டு, பதினாலு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

ஐந்தாம் பக்கம் போகும்போது காது சுட்டது. ஆறாம் பக்கத்தில் முகத்தை யாரோ அடுப்புப் பக்கம் திருப்பிப் பிடித்த மாதிரி இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. எழுத்து அசைந்தது. நான் நிறுத்தவில்லை. சூடு, குளிர்ச்சி என்பதெல்லாம் மனதின் கற்பனை என்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, உனக்க மூஞ்சியப் பாரு" என்றாள் ஜெனி.

சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன். முகமும் கழுத்தும் செம்பருத்தி நிறம். நெஞ்சில் திட்டுத் திட்டாகத் தடிப்பு. டீச்சர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். அறையில் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"பாத்தியளா" என்றார். அவ்வளவுதான்.

நான் விடவில்லை. நீங்கள் சொன்னது வெள்ளை டீச்சர், இது சிவப்பு என்று வாதாடினேன். வாதாடிக்கொண்டே முற்றத்தில் போய் வாந்தி எடுத்தேன்.

ஜெரால்டுதான் என்னைத் தூக்கிக் காரில் போட்டான். முன்னால் டீச்சர். பின்னால் நடுவில் நான், இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் ஜெனி. எனக்குச் சாவு பயம் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய பயம், ஒருவேளை டீச்சர் சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்பது. கார் ஜன்னல் வெளிச்சத்தில் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வெள்ளைப் புள்ளி தேடினேன். அறிவியலுக்காகச் சாகத் துணிந்தவனின் லட்சணம் இது.

நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன மீன் என்பது. மோரைப் பற்றிக் கேட்கவே இல்லை. சூரை என்றேன். எப்போது பிடித்தது, எப்போது ஐஸில் வைத்தீர்கள் என்றார். நான் முனகினேன். சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். மூன்று மணி நேரம் வெயிலில் இருந்தது என்றேன். ஊசியை எடுத்துக்கொண்டே, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

ஐஸ் கம்பெனி என்றேன். நர்ஸம்மா திரும்பி நின்றுகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். சூரை, அயலை மாதிரி மீன்களைப் பிடித்ததும் குளிர வைக்காவிட்டால் கிருமிகள் பெருகி அதில் ஹிஸ்டமின் என்று ஒன்று உண்டாகும். உண்டானபிறகு ஐஸில் போட்டாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. பார்வைக்கு மீன் நன்றாகவே இருக்கும். தின்னும்போது சிலருக்கு நாக்கில் உறைக்கும். கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், படபடக்கும், தடிக்கும். ஊசி போட்டால் சரியாகிவிடும்.

டீச்சர் கட்டில் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், மோர் சேராமல் இருந்திருந்தால் இது வந்திருக்காது அல்லவா என்றார்.

"வெறும் வெள்ளம் குடிச்சிருந்தாலும் வந்திருக்கும் டீச்சர்" என்றார் டாக்டரம்மா. அவரும் டீச்சரிடம் படித்தவராம். வெள்ளை விழுவதற்கும் மீன், மோருக்கும் சம்பந்தம் இல்லை என்றும் அவரே சொன்னார். ஜெனியின் கையைப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் சிலருக்கு இது வரலாம், வராமலும் போகலாம், பெரும்பாலும் வராது, இதற்காக ஒரு கல்யாணத்தை நிறுத்துவார்களா என்றார். டீச்சர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

வராந்தாவில் ஜெரால்டு அவரிடம் பேசியது எனக்குப் படுக்கையிலிருந்தே கேட்டது.

"அத்தே, மூணாம் ஓலை வாசிக்கட்டு. இவனுக்கு வந்தது இவன் புத்தியில வந்தது. அதுக்கு ஜெனி என்ன செய்வா?"

ஜெனி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "எனக்க கையப் பத்தி ஊரே பேசுது. நீயும் பதினாலு பக்கம் பேசின. எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். அந்த ஊசி முந்தின ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

மூன்றாம் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நடந்தது. அதன்பிறகு எங்கள் சொந்தத்தில் எந்தப் பந்தியில் நான் உட்கார்ந்தாலும், சோறு வருவதற்கு முன்னால் மோர் வாளி வரும். பரிமாறுகிறவர் ஜெரால்டாக இருந்தால், மீன் எத்தனை மணிக்கு ஐஸில் வைத்தது என்பதையும் எல்லாரும் கேட்க அறிவிப்பான். இதெல்லாம் எனக்கு வேண்டியதுதான். நான் புகார் சொல்லவில்லை.

என் புகார் வேறு. டீச்சர் அன்று ஆஸ்பத்திரியில் கேட்டதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். கண்ணால் பார்த்ததை மட்டும் ஊரெல்லாம் சொன்னார். போன வருடம் சுசீந்திரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, நான் வாங்கிப் போன மீனையும் தயிர்ப் பாக்கெட்டையும் பார்த்துவிட்டு எனக்கு அறிவுரை சொன்னார். கடற்கரையில் ஒரு பையன் பந்தயம் கட்டி இரண்டையும் சேர்த்துத் தின்றானாம். முகம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். பிழைத்ததே அதிசயமாம். அந்தப் பையன் நான்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்தப் பையனுக்கு முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டதே, உனக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

இதையும் சிரித்து விட்டிருப்பேன். போன மாதம் ஜெனியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். விருந்தில் டீச்சர் மைக்கைப் பிடித்தார். பிள்ளை ஒரு புள்ளி இல்லாமல் சுத்தமாகப் பிறந்ததற்குக் காரணம், தான் சொன்னதைக் கேட்டு ஜெனி பத்து மாதமும் மீனோடு மோர் தொடாமல் இருந்ததுதான் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். (ஏழாம் மாதம் ஜெனி நெத்திலிப் பொரியலும் தயிர்ச்சோறும் தட்டு நிறையத் தின்றாள். வாங்கிக் கொடுத்தவன் நான். நெத்திலிக்கு ஐஸ் போட்டிருந்தேன்.)

கைதட்டுக்கு நடுவில் நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கைதட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் இருந்த ஜெனியின் வலது கையை எடுத்து, புறங்கையைத் தன் முந்தானையால் மூடினாள். டாக்டர்கள் இரண்டு பேர் சொல்லியும் அவளுக்கு உள்ளே இறங்காதது, நீங்கள் மைக்கில் சொன்ன ஒரு நிமிடத்தில் இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது, டீச்சர்.

வெயில் கொண்ட மீனை அம்மா சரியாகச் சொன்னாள், நான் அவளை அவமானப்படுத்தினேன். அதை ஜெரால்டின் வீட்டார் முன்னால் அவளிடம் ஒப்புக்கொண்டேன், இங்கே அச்சிலும் ஒப்புக்கொள்கிறேன். இனி உங்கள் முறை. மாதாகோயில் திருவிழாவில் ஊர் விருந்து வருகிறது. மைக் இருக்கும். அன்றைக்குக் கைதட்டியவர்களும் இருப்பார்கள். எழுந்து நின்று இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மீனும் மோரும் சேர்ந்தால் வெள்ளை விழும் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்? ஆதாரம் இல்லையென்றால், ஜெனியின் கைக்கு அவளைப் பெற்றவள் காரணம் இல்லை என்று என் அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்போது சொல்லப் போகிறீர்கள்?

என்னிடம் தனியாக வந்து சொல்ல வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.